கணக்கைக் காட்டுங்கள், கரண்டு பில்லை நாங்கள் கட்டுகிறோம்

"நீங்கள் தரும் ஒவ்வொரு வெள்ளியும் முழுசாகப் பிள்ளைகளுக்கே போய்ச் சேர்கிறது." வாட்ஸ்அப்பில் வரும் நன்கொடை வேண்டுகோள்களில் இந்த வரி அடிக்கடி கண்ணில் படும். நல்ல மனதோடுதான் எழுதுகிறார்கள். ஆனாலும் அதைப் படித்ததும் எனக்குக் கேள்விதான் வருகிறது. பிள்ளைகள் தங்கியிருக்கும் வீட்டுக்கு வாடகை யார் கட்டுகிறார்கள்? ராத்திரி விழித்திருந்து பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? வரவு செலவை எழுதிச் சரிபார்ப்பது யார்? இதற்கெல்லாம் ஒரு காசும் ஆகவில்லை என்றால், வேறு யாரோ அந்தச் செலவை ஏற்றிருக்கிறார்கள், அதை நமக்குச் சொல்லவில்லை. இல்லாவிட்டால், செலவு செய்தே தீரவேண்டிய இடத்தில் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். எதுவானாலும் கொடுப்பவருக்குத் தெரியவேண்டும்.

கிள்ளானில் சில சின்ன இல்லங்களுக்கும் மாலை வகுப்பு நடத்தும் சங்கங்களுக்கும் வார இறுதியில் கணக்கெழுத உதவி வருகிறேன். எந்த இடத்தின் பெயரையும் இங்கே சொல்லப் போவதில்லை. சொல்லப் போவது எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

தீபாவளி நெருங்கிவிட்டால் இல்லங்களின் வாசலில் கார் நின்றபடியே இருக்கும். அரிசி, எண்ணெய், மைலோ, மெகி, பிஸ்கட் டின் எல்லாம் வந்து இறங்கும். பிறந்தநாள் கொண்டாட வருகிற குடும்பங்கள் பிரியாணியோடு வருவார்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு இரண்டு குடும்பத்தின் சாப்பாடு வந்து, ஒன்றை என்ன செய்வதென்று தெரியாமல் அக்கம்பக்கத்தில் கொடுத்த நாட்கள் உண்டு. பண்டிகை முடிந்து சில வாரத்தில் மின் நிறுவனமான தெனாகாவிலிருந்து நினைவூட்டல் கடிதம் வரும். அப்படி ஒரு சமயம் இல்லத்தை நடத்தும் அக்கா என்னிடம் சொன்னார்: "அண்ணே, அரிசி போதும். கரண்டு பில்லு கட்ட யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டுப் பாருங்க." கேட்டுப் பார்த்தேன். அரிசி கொடுத்த கைகள் கரண்டு பில்லுக்கு நீளவில்லை. "பில்லு கட்டறதெல்லாம் அவங்க பொறுப்பு தானே?" என்றார் ஒருவர். அவர் கஞ்சரில்லை. அதே மாதம் பிள்ளைகள் எல்லோருக்கும் புதுத்துணி எடுத்துக் கொடுத்தவர்.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 2025 ஆகஸ்டிலிருந்து மலேசியாவில் எல்லா முதலாளிகளும் தரவேண்டிய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதற்கு மேல் ஊழியர் சேமநிதிக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி. ஆக ஒரு பராமரிப்பாளருக்கு 1,921 வெள்ளி. பகல், மாலை, இரவு என்று மூன்று பேரை முறை வைத்தால் 5,763 வெள்ளி. சொக்சோ இதில் இல்லை. விடுப்பில் போகிறவருக்குப் பதிலாள் செலவும் இல்லை. உள்ளூர் வெள்ளை அரிசி பத்துக் கிலோ மூட்டையின் கட்டுப்பாட்டு விலை 26 வெள்ளி. அந்த மூன்று பேரின் ஒரு மாதச் சம்பளக் காசுக்கு 220 மூட்டைக்கு மேல் அரிசி வாங்கிவிடலாம். எந்த இல்லமும் மாதம் 220 மூட்டை சமைப்பதில்லை. இல்லம் நடத்துவதில் பெரிய செலவு ஆள்தான், சாப்பாடு அதற்கு அடுத்துத்தான். நாம் கொடுப்பதோ சாப்பாடாகவே இருக்கிறது.

சட்டத்துக்கு உட்பட்டு நடத்தவும் காசு ஆகிறது. 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதியவேண்டும். அதற்குத் தீயணைப்பு இலாகா, சுகாதார இலாகா, நகராண்மைக் கழகம் எல்லாம் ஒப்புக்கொள்ளவேண்டும். தீயணைப்புக் கருவி, அவசர வழி, கழிவறை மாற்றம் என்று ஒவ்வொன்றுக்கும் குத்தகையாளர் விலை சொல்வார். தீயணைப்புக் கருவிக்கு உபயம் செய்ய முன்வந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. பதிவு இல்லாத இல்லங்கள் பெருகுவதைக் குறை சொல்லுகிறோம். பதிவுக்கு ஆகும் செலவை மட்டும் "நிர்வாகச் செலவு" என்று ஒதுக்கிவிடுகிறோம்.

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் உரியதில்லை. 2009இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் சமூகப் பணி இதழ் ஒன்றில் ஆன் கிரிகரி, டான் ஹோவர்ட் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். நிர்வாகச் செலவு மிகக் குறைவாக இருக்கவேண்டும் என்று கொடையாளர்கள் எதிர்பார்க்கிறார்கள். அமைப்புகள் அதற்குப் பயந்து உண்மைச் செலவைக் குறைத்துக் காட்டுகின்றன. அந்தக் குறைந்த எண்ணைப் பார்த்த கொடையாளர்கள் அடுத்த ஆண்டு அதைவிடக் குறைவாக எதிர்பார்க்கிறார்கள். இப்படியே போய் அமைப்பு பட்டினியில் வாடுகிறது என்பது அவர்கள் சொன்னது. 2013இல் அங்கே அறநிறுவனங்களை மதிப்பிடும் மூன்று பெரிய அமைப்புகளே சேர்ந்து கொடையாளர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதின. நிர்வாகச் செலவு விழுக்காட்டை மட்டும் வைத்து ஓர் அமைப்பை எடை போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டன. அந்த விழுக்காட்டைக் காட்டிப் பட்டியல் போட்டுப் பழகியவர்களே இப்படி எழுதியது சாதாரண விஷயமில்லை.

இந்தியா எதிர்த்திசையில் போனது. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20க்கு இறக்கினார்கள். பெரிய அமைப்பு தான் பெற்றதைச் சிறிய அமைப்புக்குப் பகிர்ந்து தருவதற்கும் தடை வந்தது. கிராமத்தில் வேலை செய்யும் சிறு குழுக்கள் அந்தப் பகிர்வை நம்பித்தான் இருந்தன. திருடனைப் பிடிக்க வைத்த வேலியில் சின்னக் குழுக்கள்தான் முதலில் சிக்கின.

அப்படியானால் நிர்வாகச் செலவைக் கேட்கவே கூடாதா என்றால், கட்டாயம் கேட்கவேண்டும். கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜோகூர் பாலத்தைத் தாண்டினால் சாட்சி இருக்கிறது. சிங்கப்பூரின் தேசியச் சிறுநீரக அறநிறுவனம் ஒரு காலத்தில் அந்நாட்டின் மிகப் பெரிய அறநிறுவனம். அதன் தலைமை நிர்வாகி டி.டி.துரை. அவருடைய அலுவலகக் குளியலறையில் தங்க முலாம் பூசிய குழாய் வைத்த கதையை 2004இல் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் எழுதியது. அவதூறு என்று அறநிறுவனம் வழக்குப் போட்டது. 2005 ஜூலையில் வழக்கு விசாரணைக்கு வந்து, அவர் குறுக்கு விசாரணையில் நின்றபோது ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஆண்டுக்கு ஆறு லட்சம் சிங்கப்பூர் வெள்ளி சம்பளம், முதல் வகுப்பு விமானப் பயணம், கையிருப்பு 262 மில்லியன் வெள்ளி. தொடங்கிய மறுநாளே வழக்கை மீட்டுக்கொண்டார்கள். மக்கள் கொதித்தார்கள், நிர்வாகக் குழு விலகியது, துரை பின்னாளில் மூன்று மாதம் சிறை சென்றார்.

இந்தக் கதையில் எல்லோருக்கும் குழாய்தான் ஞாபகம் இருக்கிறது. எனக்கு உறைத்தது வேறு. ஒவ்வொரு வெள்ளியிலும் 52 காசு நோயாளிகளுக்குப் போகிறது என்று அந்த அமைப்பு சொல்லி வந்தது. 2005 டிசம்பரில் வந்த கேபிஎம்ஜி தணிக்கை அறிக்கை அது பத்துக் காசுதான் என்றது. அதாவது, அவர்களும் ஒரு விழுக்காட்டைச் சொல்லித்தான் காசு திரட்டினார்கள். பார்க்க அழகான விழுக்காடு. அதன் பின்னால் இருந்த கணக்கு ஏடு மட்டும் யார் கண்ணுக்கும் படவில்லை. சிங்கப்பூர் அதிலிருந்து பாடம் கற்றது. அறநிறுவன ஆணையரின் அதிகாரத்தைப் பலப்படுத்தினார்கள், 2007இல் நிர்வாக நெறிமுறை கொண்டுவந்தார்கள், நிதி திரட்டும் செலவு திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று விதித்தார்கள். இன்றைக்கு அங்கே ஓர் அறநிறுவனத்தின் பெயரைத் தட்டினால் அதன் நிதியறிக்கையை வீட்டிலிருந்தே படிக்கலாம்.

இங்கே அப்படி ஒரே இடம் கிடையாது. சங்கமாக இருந்தால் சங்கப் பதிவிலாகா, நிறுவனமாக இருந்தால் நிறுவன ஆணையம், இல்லமாக இருந்தால் சமூக நல இலாகா, வரி விலக்கு என்றால் வருமான வரி வாரியம். ஒவ்வொன்றும் ஒரு துண்டைப் பார்க்கிறது. முழு உருவத்தைப் பார்க்க யாருக்கும் வேலை இல்லை. அறநிறுவனங்களுக்கென ஓர் ஆணையம் மலேசியாவுக்கு வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அது வரும்வரை நம் சமூகம் சும்மா இருக்கமுடியாது. காரணம், நமக்கு இதில் பழைய காயம் இருக்கிறது. அந்தக் காயத்துக்கு முன் ஒரு நல்ல காலமும் இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலை வழியே போகும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதரின் பத்து வெள்ளிதான் நினைவுக்கு வரும். சுதந்திரத்துக்குப் பின் ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்து நின்றன. அந்தச் சாலைக்குப் பெயராகிவிட்ட வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். பால்மரம் வெட்டும் தொழிலாளர்களிடம் தோட்டம் தோட்டமாகப் போய், பங்குத் தொகை நூறு வெள்ளியை மாதம் பத்துப் பத்தாகக் கட்டச் சொன்னார். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. தன் பத்து வெள்ளி எங்கே போனது என்று கேட்டவருக்குக் கண்ணுக்கு முன்னால் ஒரு தோட்டமே பதிலாக நின்றது.

அதே மக்களிடம், 1982இல் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ் பங்கு கேட்டது. இது அறநிறுவனம் இல்லை, முதலீட்டு நிறுவனம். ஆனால் சமூகத்தை உயர்த்தும் என்ற பேச்சை நம்பித்தான் பணம் வந்தது. நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்கள் உண்டு. சுமார் 66,000 பேர், 106 மில்லியன் வெள்ளி. 2010இல் பங்கு ஒன்றுக்கு 80 காசு கொடுத்து வேறொரு நிறுவனம் வாங்கிக்கொண்டதோடு அந்தக் கதை முடிந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கழித்து, போட்ட ஒரு வெள்ளிக்கு எண்பது காசு. கிள்ளானில் அறுபது வயது தாண்டிய யாரிடமாவது சமூக அமைப்புக்கு நன்கொடை கேட்டுப் பாருங்கள், பேச்சு எங்கோ ஓரிடத்தில் மைக்காவைத் தொட்டுவிட்டுத்தான் வரும்.

பிறகு மித்ரா. 2018இல் இந்தப் பெயரோடு வந்த அரசாங்கத்தின் இந்திய சமுதாய உருமாற்றப் பிரிவுக்கு ஆண்டுக்கு 100 மில்லியன் வெள்ளி ஒதுக்கீடு. 2021இல் அந்த மானியங்களை ஊழல் தடுப்பு ஆணையம் விசாரிக்கத் தொடங்கி, நிறுவன இயக்குநர்கள் சிலரைக் கைது செய்தது. ஒழுங்காக வகுப்பு நடத்திக்கொண்டிருந்த சங்கங்களும் அந்த நாட்களில் தலைகுனிந்து நின்றன. மானியம் வாங்கினோம் என்று சொல்லவே கூச்சப்பட்டவர்களை எனக்குத் தெரியும். ஓரிடத்தில் கணக்கு மறைந்தால் அதற்கு விலை கொடுப்பது நேர்மையாக நடக்கிற பக்கத்து அமைப்புதான்.

கணக்குச் சொல்லும் கடமை பணத்தைத் தாண்டியும் பொருந்தும். 1904இல் தொடங்கிய பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமத்தின் நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டும் திட்டம் 2014இல் வெளியே வந்தபோது மக்கள் கையெழுத்துத் திரட்டினார்கள், கூடி எதிர்த்தார்கள். 2016இல் ஆசிரமம் தேசிய மரபுடைமையாக அறிவிக்கப்பட்டது. பழைய கட்டடத்தைக் காப்பாற்றுவதோடு அந்தச் சண்டை நின்றுவிடவில்லை. அறக்கட்டளையின் சொத்தைப் பற்றி முடிவெடுக்குமுன் அறங்காவலர்கள் சமூகத்துக்குச் சொல்லவேண்டுமா என்ற கேள்வியும் அதில் இருந்தது. சொல்லத்தான் வேண்டும் என்பது என் கருத்து. பராமரிப்புக்கு வருமானம் தேவைப்பட்டால் அதையும் கணக்கோடு முன்கூட்டியே சொல்லிக் கேட்கலாமே.

சட்டத்தில் ஓட்டை இருந்தாலும், இருக்கிற சட்டமே நாம் நினைப்பதைவிட வலுவானது. 1966ஆம் ஆண்டின் சங்கச் சட்டப்படி ஒவ்வொரு சங்கமும் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் வரவு செலவுக் கணக்கைப் பதிவிலாகாவுக்கு அனுப்பியாகவேண்டும். பதிவிலாகா தரும் மாதிரி விதிமுறையில் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் உள் கணக்காய்வாளர்கள் இருக்கிறார்கள். காசோலையில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் சேர்ந்து கையெழுத்திடவேண்டும். பொருளாளர் கையில் எவ்வளவு ரொக்கம் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. இவ்வளவும் எழுத்தில் இருக்கிறது. நடைமுறையில் வெற்றுக் காசோலைப் புத்தகத்தில் மூவரும் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போகிறார்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கும்போது சமையல் வாசனை வந்துவிடும். "முன்மொழிகிறேன்", "வழிமொழிகிறேன்", முடிந்தது.

நமக்குக் கணக்குத் தெரியாது என்று யாரும் சொல்லமுடியாது. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் ஐந்து வெள்ளியையும் ஊர்ப்பெயரோடு எழுதி வைக்கிறார், பத்து வருஷம் கழித்தும் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் திருப்பிச் செய்கிறோம். அதே நாம் சங்கப் பொருளாளரிடம் ஒரு கேள்வி கேட்டால் அவரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமோ என்று தயங்குகிறோம். கோயிலைப் பாருங்கள். மின்விசிறி இறக்கையில் உபயதாரர் பெயர், குழல் விளக்கில் உபயதாரர் பெயர், பளிங்கில் வெட்டிய நன்கொடைப் பட்டியல். வரவு முழுக்கச் சுவரில் இருக்கிறது. செலவு எந்தச் சுவரிலும் இல்லை.

சில இடங்களில் ஃபேஸ்புக் படங்களைப் போட்டு "எல்லாம் வெளிப்படையாகத்தான் செய்கிறோம்" என்கிறார்கள். படம் கணக்காகாது. பிள்ளைகளைச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வரிசையில் நிறுத்தி எடுக்கும் படங்கள் எனக்குப் பெரும் வேதனை தருகின்றன. அந்தப் பிள்ளை நாளைக்குப் பெரியவனாகி வேலை தேடும்போதும் அந்தப் படம் இணையத்தில் இருக்கும். நமக்குத் தேவை பிள்ளையின் முகம் இல்லை, ஒரு பக்கத் தாளில் நான்கைந்து எண்கள். போன வருஷம் எவ்வளவு வந்தது, யாரிடமிருந்து பெருந்தொகை வந்தது, எதற்கெல்லாம் போனது, கையில் எவ்வளவு மீதி, அந்த மீதி எத்தனை மாதத்துக்கு வரும். இன்னொன்றும் கட்டாயம் இருக்கவேண்டும்: நிர்வாகக் குழுவில் இருக்கிறவருக்கோ அவர் குடும்பத்துக்கோ அமைப்பின் காசு ஏதாவது போகிறதா என்பது. இல்லம் நிறுவனரின் சொந்த வீட்டில் நடக்கலாம், வேன் தலைவரின் தம்பியுடையதாக இருக்கலாம். அதனால் தப்பு நடந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பல சமயம் சந்தை வாடகையைவிடக் குறைவாகத்தான் கொடுத்திருப்பார்கள். அதை எழுதி வைத்துவிட்டால் யாரும் முதுகுக்குப் பின்னால் பேசமுடியாது.

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலமின் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது கிள்ளான் பள்ளத்தாக்கே ஓடி வந்து உதவியது. படகு, சாப்பாடு, துணி, பணம் எல்லாம் வந்தது. அவசரத்தில் பலர் தங்கள் சொந்த வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்துத் திரட்டினார்கள். பெரும்பாலோர் நேர்மையாகச் செலவழித்தார்கள் என்றுதான் நம்புகிறேன். ஆனால் வெள்ளம் வடிந்து வருஷங்கள் ஆனபிறகும் தனியார் கணக்குக்கு நன்கொடை கேட்பதை நான் ஏற்பதில்லை. க்யூஆரை ஸ்கேன் செய்தால் பணம் போகும் முன்பே பெறுபவர் பெயர் திரையில் வந்துவிடும். சங்கத்தின் பெயர் வராமல் ஒரு தனி ஆளின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திக் காரணம் கேளுங்கள். உணவுக் கடையில் அட்டையைக் காட்டித் திசு பாக்கெட் விற்பவரிடமும் அப்படித்தான். 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி வீடு வீடாகவும் தெருவிலும் நிதி திரட்டப் போலீஸ் அனுமதி வேண்டும். அனுமதிக் கடிதத்தைக் காட்டுங்கள் என்று மரியாதையாகக் கேட்பதில் தவறே இல்லை. பல சமயம் அட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பையன் நாள் கூலிக்கு வந்தவன். அவனை விரட்டாதீர்கள், அமைப்பின் பெயரைக் குறித்துக்கொண்டு நேரே அங்கே போய்ப் பாருங்கள்.

வரி விலக்கு ரசீது தரும் அமைப்புகளின் பட்டியல் வருமான வரி வாரியத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது. வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின்கீழ் ஒப்புதல் பெற்றவை அவை. அவற்றுக்குக் கொடுத்தால் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். நிறைய சின்ன அமைப்புகளுக்கு அந்த ஒப்புதல் இருக்காது. அதற்காக அவற்றை ஒதுக்கிவிடாதீர்கள், ஒப்புதலுக்கான தாள்களைத் தயார் செய்யவே அவர்களிடம் ஆள் இருக்காது. உங்களில் கணக்காளர் யாராவது இருந்தால், அரிசி மூட்டையைவிடப் பெரிய தானம் உங்கள் சனிக்கிழமைக் காலைதான்.

கிள்ளானில் ஓர் இல்லத்தின் வரவேற்பறையில் மாதக் கணக்கை ஒரு தாளில் அச்சடித்து ஒட்டத் தொடங்கினார்கள். முதலில் நிர்வாகக் குழுவுக்கே பயம். சம்பளத்துக்கு இவ்வளவா என்று ஆட்கள் கேட்பார்களே என்றார்கள். கேட்டார்கள்தான். ஏன் மூன்று பேர், ஏன் சேமநிதி என்று கேட்டவர்களுக்கு விளக்கம் சொன்னார்கள். கேட்டவர்களில் ஒருவர் அதற்குப்பின் பிறந்தநாள் பிரியாணியை நிறுத்திவிட்டு மாதாமாதம் தண்ணீர் பில்லைத் தன் கணக்கிலிருந்தே கட்டி வருகிறார். எந்தச் செலவுக்குப் பணம் தேவை என்று தெரிந்த பிறகுதான் அவரால் அதைத் தேர்ந்தெடுக்க முடிந்தது.

ஆகவே இரண்டு பக்கத்துக்கும் என் வேண்டுகோள். அமைப்பை நடத்தும் அண்ணன்மாரே, அக்காமாரே, "நிர்வாகச் செலவே இல்லை" என்று எழுதுவதை விடுங்கள். எவ்வளவு ஆகிறது, ஏன் ஆகிறது என்று எழுதுங்கள், போன வருஷக் கணக்கை உறுப்பினர் அல்லாதவர் கேட்டாலும் எடுத்துக் கொடுங்கள். கொடுக்கிறவர்களே, இந்தத் தீபாவளிக்கு அரிசி வாங்குமுன் ஒரு ஃபோன் போட்டு அந்தக் கணக்குத் தாளைக் கேளுங்கள். அதைத் தருகிற இடத்துக்குப் பணமாகவே கொடுங்கள், எதற்கு வேண்டுமானாலும் செலவழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கொடுங்கள்.